மாத்திரை என்ன வேலை செய்கிறது? எப்போது நிறுத்தலாம்?



சபைகளிலும் ஐக்கியக் கூட்டங்களிலும் உங்களைச் சந்திக்கும்போது இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கின்றன. ஒன்று, வீட்டில் மீந்துபோன மாத்திரை அட்டைகளை ஒரு பையில் சேர்த்து, "ஏழைகளுக்கு உதவுமே" என்று எங்கள் கையில் கொடுக்கிறீர்கள். மற்றொன்று, கூட்டம் முடிந்தபின் தனியே வந்து, "இந்த மாத்திரை எதற்கு? இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். இரண்டும் அன்பினாலும் நம்பிக்கையினாலும் வருபவை. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. மருந்து உடலுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்தால், அதை யாருக்குக் கொடுக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் குடும்பமாகவோ, பெண்கள் ஐக்கியத்திலோ, வாலிபர் கூட்டத்திலோ ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் சேர்ந்து படிக்கலாம்.

ராயபுரத்தைச் சுற்றியுள்ள நம் பகுதிக்கு இந்தப் பாடம் மிகவும் தேவை. காசிமேட்டில் விசைப்படகில் ஏறினால் பல நாட்கள் கடலிலேயே இருக்கும் மீனவர், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், இரவெல்லாம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர் என்று பலர் இங்கே இருக்கிறார்கள். இவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வைத்தியரிடம் வருவது எளிதல்ல. ஆகவே பக்கத்து வீட்டு மாத்திரையும், மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு ரெண்டு கொடுங்க" என்று கேட்டு வாங்குவதும் இங்கே சகஜம். அதனால் வரும் சேதத்தைப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் காண்கிறோம்.

இந்தப் பகுதிக்கு வைத்தியப் பணி புதிதல்ல. பழைய தலைமுறையினர் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று அழைத்த ஸ்டான்லி மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1888-இல் சென்னைக்கு வந்த டாக்டர் மெடில்டா மக்பெயில் அம்மையாரின் ஊழியத்திலிருந்தே ராயபுரத்து ரெயினி மருத்துவமனை வளர்ந்தது. அந்நாட்களில் வைத்தியரின் அலமாரியில் உண்மையாகவே வியாதியைக் குணமாக்கும் மருந்துகள் வெகு சிலவே இருந்தன. இன்றோ ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டப்பா நிறைய மாத்திரை இருக்கிறது. அவற்றைப் பற்றிய அறிவு அதே அளவுக்கு வளரவில்லை.

நான்கு வகையான வேலை

நம் வீட்டு டப்பாவில் உள்ள மருந்துகளை அவை செய்யும் வேலையின்படி நான்கு கூட்டமாகப் பிரிக்கலாம்.

1. உபத்திரவத்தைத் தணிக்கும் மருந்து. (காய்ச்சல், வலி, மூச்சிளைப்பு முதலியன.)
2. கிருமியைக் கொல்லும் மருந்து.
3. குறைவுபட்டதை நிரப்பும் மருந்து.
4. நீண்டகால வியாதியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மருந்து.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், "எப்போது நிறுத்துவது?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு கூட்டத்திற்கும் பதில் வேறு. முதற் கூட்டத்து மருந்தை உபத்திரவம் நின்றதும் நிறுத்தலாம். இரண்டாவது கூட்டத்தை உபத்திரவம் நின்றாலும், சொன்ன நாள் முடியும்வரை நிறுத்தக் கூடாது. மூன்றாவதைக் குறைவு நிரம்பும்வரை எடுக்க வேண்டும். நான்காவதை நாமாக ஒருபோதும் நிறுத்தக் கூடாது. நம் ஜனங்கள் செய்யும் பெரும் தவறு, எல்லா மருந்தையும் முதற் கூட்டத்து மருந்தாகவே எண்ணிக்கொள்வதுதான். "நல்லாயிட்டேன், நிறுத்திட்டேன்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணமே.

இனி ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

1. உபத்திரவத்தைத் தணிப்பவை

*பாராசிட்டமால்.* காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் முதலில் தேடும் மாத்திரை. நம் மூளையில் உடலின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் ஒரு பகுதி உண்டு. கிருமி உள்ளே வந்ததும் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்னும் இரசாயனங்களை உண்டாக்கி, அந்தப் பகுதியிடம் "சூட்டை ஏற்று" என்று சொல்கிறது. பாராசிட்டமால் மூளையில் அந்த இரசாயனங்கள் உண்டாவதைக் குறைக்கிறது, சூடு தணிகிறது. ஆனால் காய்ச்சலை உண்டாக்கிய கிருமி அப்படியே இருக்கிறது. ஆகவே மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால், இன்னொரு அட்டை வாங்குவதல்ல, வைத்தியரிடம் வருவதே வழி.

வளர்ந்தவர் ஒரு வேளைக்கு 500 மி.கி. அல்லது 650 மி.கி. மாத்திரை எடுக்கலாம், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். எந்தக் காரணத்தாலும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மதுப்பழக்கம் உள்ளவருக்கும், எடை குறைந்தவருக்கும், கல்லீரல் நோய் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவே தகும். அளவு மீறினால் கல்லீரல் கெட்டுப்போகும். கெட்டது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஒரு எச்சரிப்பு: சளி மாத்திரை, தலைவலி மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று வெவ்வேறு பெயரில் விற்கும் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. மூன்று பெயரில் மூன்று மாத்திரை சாப்பிட்டவர் உண்மையில் ஒரே மருந்தை மூன்று மடங்கு சாப்பிட்டிருக்கலாம். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்தே அளவு. பெரியவர் மாத்திரையை உத்தேசமாக உடைத்துக் கொடுப்பது ஆகாது.

*டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன்.* இவை வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். இவையும் புரோஸ்டாகிளாண்டின்களைத்தான் தடுக்கின்றன. ஆனால் உடல் முழுவதிலும் தடுக்கின்றன. வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வழியைத் திறந்து வைப்பதும் அதே இரசாயனங்களே. ஆகவே தினமும் மூட்டை தூக்கிவிட்டு, தினமும் இரவில் வலி மாத்திரை போடுகிறவருக்கு வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம். ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் கெடலாம். பி.பி. உள்ளவருக்கு இவை பி.பி.யை ஏற்றும். சில நாள் தேவைக்கு, சாப்பிட்ட பின், வைத்தியர் சொன்ன அளவில் என்பதே சரியான முறை.

*ஆஸ்பிரின்.* 1899 முதல் விற்பனையில் இருக்கும் பழைய மருந்து. வலிக்கும் காய்ச்சலுக்கும் பிறந்த இந்த மருந்து, இன்று சிறு அளவில் (75 மி.கி. போல) மாரடைப்பு வந்தவர்களுக்கே அதிகம் கொடுக்கப்படுகிறது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு உண்டாவதைத் தடுக்கிறது. அதே காரணத்தால் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ கொடுப்பது அபாயம், இரத்தப்போக்கு ஏற்படலாம். மழைக்காலக் காய்ச்சல் எதுவானாலும், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

*கேஸ் மாத்திரை.* ஓமிபிரசோல், பான்டோபிரசோல் என்பவை வயிற்றில் அமிலம் சுரக்கும் சிறு பம்புகளை அடைக்கின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி முன் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். இங்கே ஒரு முக்கிய எச்சரிப்பு உண்டு. நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, இவற்றைக் "கேஸ்" என்று எண்ணி மாத்திரையும் சோடாவும் குடித்துக் காத்திருந்து உயிரிழந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வலி வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

*இன்ஹேலர்.* எண்ணூர், மணலி பக்கத்துத் தூசியிலும் புகையிலும் ஆஸ்துமா உள்ளவர் படும் பாடு நாம் அறிந்ததே. இன்ஹேலர் இரண்டு வகை. சால்புட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இளக வைக்கும்; சில நிமிடத்தில் ஆறுதல் தரும்; சில மணி நேரமே நிற்கும். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் குழாயின் உள்வீக்கத்தை நாளடைவில் தணிக்கும். இது உடனே ஆறுதல் தராததால் பலர் "பிரயோஜனம் இல்லை" என்று வைத்துவிடுகிறார்கள். உண்மையில் மூச்சிளைப்பு வராமல் தடுப்பது இதுவே. முதலாவது முதற் கூட்டம். இரண்டாவது நான்காம் கூட்டம். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் தேவையற்றது. நேரே நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த மருந்தே போதுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்க மறவாதீர்கள்.

2. கிருமியைக் கொல்பவை

ஆண்டிபயாடிக் மருந்துகள் எப்படி மனிதனைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்கின்றன? பாக்டீரியாவுக்கு உண்டு, நமக்கு இல்லை என்று இருக்கும் ஒரு பாகத்தை அவை தாக்குகின்றன. 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பென்சிலினும், அதன் இனத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினும் பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. நம் உடலின் செல்களுக்கு அப்படிப்பட்ட சுவர் கிடையாது. வைரசுக்கும் கிடையாது! சாதாரணச் சளி, ஜலதோஷம், டெங்கு யாவும் வைரசால் வருபவை. சுவரே இல்லாத இடத்தில் சுவரை இடிக்கும் மருந்து என்ன செய்யும்? சளிக்கு அமாக்சிசிலினோ அசித்ரோமைசினோ வாங்கிச் சாப்பிடுவது வீண். வீண் மட்டுமல்ல, தீமை. உடலில் உள்ள மற்ற பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகி, பிற்பாடு உண்மையான தேவை வரும்போது மருந்து பலிக்காமற் போகும்.

மருந்து அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வைத்தியர் சீட்டு இல்லாமல் வாங்கவோ விற்கவோ கூடாது என்பது அதன் அர்த்தம். 2016-இல் மத்திய அரசு இதைக் குறித்து விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தியது. இன்றே உங்கள் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

கிருமிக்கான மருந்தை ஏன் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும் என்பதைக் காசநோயைப்போலத் தெளிவாகக் கற்பிக்கும் வியாதி வேறில்லை. உலகத்துக்கே அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது நம் சென்னை என்பதைப் பலர் அறியார்.

*சென்னை கற்பித்த பாடம்.* காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலத்தில் நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான ஆகாரம் ஆகிய மூன்றுமே வைத்தியம். அதற்காகச் சானடோரியங்கள் எழும்பின. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய சானடோரியத்தை நம் மூத்தோர் நன்கு அறிவார்கள். பின்பு 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். மருந்தும், 1952-இல் ஐசோனியாசிடும் வந்தன. ஆயினும் நோயாளிகளோ திரளானவர்கள், சானடோரியப் படுக்கைகளோ கொஞ்சம். குடிசையில் இருக்கும் ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா? வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

இதற்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் வேதி மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த முயற்சி அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தார் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றக் கூட்டத்தார் வீட்டில் இருந்தார்கள். இரு கூட்டத்துக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல ஆகாரமும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, நெருக்கத்தில், வேலையும் செய்துகொண்டிருந்தார்கள்.

1959-இல் முடிவு வெளியானபோது வைத்திய உலகமே வியந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 100-க்கு 92 பேரும், வீட்டில் 100-க்கு 86 பேரும் நோய் அடங்கி இருந்தார்கள். தொடர்ந்து ஐந்தாண்டு கவனித்ததில் அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்துபோயிற்று. வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. ஏனெனில், மருந்து தொடங்கும் முன்பே பரவவேண்டியது பரவியிருந்தது, மருந்து தொடங்கியபின் பரவுவது வெகுவாய்க் குறைந்தது. குணமாக்கியது காற்றும் படுக்கையும் அல்ல, ஒழுங்காகச் சாப்பிட்ட மருந்தே என்பது நிரூபணமாயிற்று. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம். சேத்துப்பட்டில் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வளர்ச்சியே.

"ஒழுங்காகச் சாப்பிட்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நல்ல மனிதர்கள்கூட, உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுவதைக் கண்டார்கள். ஆகவே ஊழியர் கண் முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறையைச் சோதித்தார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய "நேரடிக் கண்காணிப்பு" முறைக்கு வேர் இங்கேதான்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று. ஏன் இத்தனை? ஐசோனியாசிடும் எதாம்பியூட்டாலும் கிருமியின் மெழுகுபோன்ற சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. ரிஃபாம்பிசின் கிருமி தன் புரதங்களைச் செய்வதற்கான கட்டளையைப் பிரதியெடுக்கவிடாமல் நிறுத்துகிறது. பைரசினமைடு, அமிலம் நிறைந்த இடங்களில் மெதுவாய் வாழும் கிருமிகளைத் தேடிக் கொல்கிறது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்பும் சில கிருமிகள் பெருகிவிடும்; நான்குக்கும் ஒருங்கே தப்புவது அரிது. முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலான கிருமிகள் மடிவதால் இருமல் நிற்கும், பசி எடுக்கும், எடை கூடும். ஆனால் தூங்கிக்கிடக்கும் சில கிருமிகள் மிஞ்சியிருக்கும். மீதி நான்கு மாதம் அவற்றுக்காகவே. இரண்டாம் மாதத்தில் நிறுத்துகிறவருக்கு நோய் திரும்பும். சில வேளை மருந்துக்கு அடங்காத வடிவில் திரும்பும். வீட்டில் உள்ளவர்களுக்கும் அதே வடிவில் தொற்றும்.

கடலுக்குப் போகும் சகோதரர்கள் புறப்படும்முன் அத்தனை நாளுக்குரிய மாத்திரையையும் கேட்டு வாங்கிப் போக வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் சாயமே, பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல் அல்லது நிறம் பிரித்தறிய முடியாமை, கைகால் மரத்துப்போதல் ஆகியவை கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

3. குறைவை நிரப்புபவை

*உப்புச் சர்க்கரைக் கரைசல்.* வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது நீரும் உப்பும் குறைவுபடுவதே. குடலின் சுவர் உப்பைத் தனியே உறிஞ்சத் தடுமாறும்போதும், சர்க்கரை கூட இருந்தால் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நீர் அவற்றின் பின்னே போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் இரகசியம் இதுவே. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாம்களில் காலரா பரவியபோது, டாக்டர் திலிப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெருவாரியாகக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்கப்படும். போக்கு நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும்.

*இரும்புச் சத்து மாத்திரை.* இரத்தத்தின் சிவப்பணு பிராணவாயுவைச் சுமக்க இரும்பு தேவை. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். காபி, டீயோடு எடுத்தால் சேராது. மலம் கறுப்பாவது சகஜம். இரத்த அளவு சரியானபின்னும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். ஏனெனில் உடலின் இருப்பும் நிரம்ப வேண்டும். சிறுபிள்ளை மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

*இன்சுலின், தைராக்சின்.* சில குறைவுகள் ஆயுள் முழுவதும் நிரப்பப்பட வேண்டியவை. 1922 ஜனவரியில் டொரோன்டோ நகரில் முதன்முதல் ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் அவ்வகைச் சர்க்கரை வியாதி வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. கணையம் சுரக்காத இன்சுலினை ஊசி தருகிறது. வீட்டில் பிரிட்ஜ் இல்லாதவர்கள், பயன்பாட்டில் உள்ள புட்டியை ஈர மணல் போட்ட மண்பானைக்குள் நீர் படாமல் வைத்துக்கொள்ளலாம். உறையவைக்கக் கூடாது.

4. கட்டுக்குள் வைத்திருப்பவை

*பி.பி. மாத்திரை.* "தலை சுற்றவில்லை, அப்படியென்றால் பி.பி. இல்லை" என்று நினைக்கிறவர்கள் அநேகர். பி.பி. பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. பக்கவாதமே முதல் அடையாளமாக வரலாம். அம்லோடிபின், இரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து, குழாயை இளக வைக்கிறது. சிலருக்குக் கால் வீங்கும். எனாலாபிரில், குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற இரசாயனம் உண்டாவதைத் தடுக்கிறது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்தே இந்த இனத்து மருந்துகள் பிறந்தன என்பது ஆச்சரியம். இதில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. கால் வீங்கினாலோ இருமல் வந்தாலோ நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு.

மாத்திரை சாப்பிட்டு பி.பி. சரியான அளவு காட்டினால், அது வியாதி போய்விட்டது என்பதல்ல. மருந்து வேலை செய்கிறது என்பதே.

*சுகர் மாத்திரை.* மெட்ஃபார்மின், கல்லீரல் அளவுக்கு மிஞ்சிச் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதைக் குறைக்கிறது. சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுத் தொந்தரவு குறையும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. இவற்றை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். லாரி ஓட்டுகிறவருக்கும் படகில் இருப்பவருக்கும் இது எவ்வளவு ஆபத்து! சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பது நல்லது.

*வலிப்பு மாத்திரை.* ஃபினைட்டாயின் போன்றவை மூளையின் நரம்புகளில் ஓடும் மின்துடிப்பு எல்லை மீறாமல் தடுக்கின்றன. இரண்டாண்டு வலிப்பே வராதிருந்தாலும், நிறுத்துவதா வேண்டாமா என்பதை வைத்தியரே தீர்மானித்து மெதுமெதுவாய்க் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. அதன் நோக்கம் நம் பாடத்தின் நோக்கமே: நான்காம் கூட்டத்து மருந்து ஒரு நாளும் அறுந்துபோகக் கூடாது.

மீந்த மாத்திரைகளைக் குறித்து

இப்போது முதற் காரியத்துக்கு வருகிறோம். நீங்கள் அன்போடு கொடுக்கும் மீதி மாத்திரைகளை ஏன் நோயாளிக்குக் கொடுக்க முடியாது? இந்தப் பாடத்தைப் படித்தபின் காரணம் விளங்கும். பாதி அட்டை அமாக்சிசிலின் ஒருவருக்கும் முழுச் சிகிச்சை ஆகாது. அம்மாவுக்கு ஏற்ற கிளிமிபிரைடு அடுத்தவரை மயக்கத்தில் தள்ளலாம். ஓரம் வெட்டிய அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் இராது. சமையலறை அலமாரியின் சூட்டில் இருந்த மருந்தின் வீரியத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1996-இல் வெளியிட்ட மருந்து நன்கொடை விதிகளும், நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை நன்கொடையாகத் தரக் கூடாது என்றும், நன்கொடை மருந்துக்குப் பொதுவாக ஓராண்டு ஆயுளாவது மீதி இருக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றன. ஏழைக்கு வேறு தரம், நமக்கு வேறு தரம் என்பது இருக்கக் கூடாது என்பதே அவற்றின் அடிப்படை.

அப்படியானால் மீதியை என்ன செய்வது? சாக்கடையிலும் குப்பையிலும் போடாதீர்கள். எங்களிடம் கொண்டுவந்தால், அழிப்பதற்காக மட்டும் வாங்கிக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அவை தனியே அகற்றப்படும். அதோடு, "ஏன் மீந்தது?" என்றும் கேட்போம். தயவுசெய்து வருத்தப்படாதீர்கள். பி.பி. மாத்திரை மீந்திருந்தால் யாரோ சாப்பிடவில்லை என்றே அர்த்தம்.

சேர்ந்து சிந்திக்க

1. உங்கள் வீட்டு டப்பாவில் உள்ள ஒவ்வொரு மருந்தும் நான்கு கூட்டத்தில் எதைச் சேர்ந்தது? அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் உண்மைப் பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.
2. ஒரே மருந்து இரண்டு வியாபாரப் பெயரில் இருக்கிறதா?
3. சிவப்புக் கோடு உள்ள அட்டை எத்தனை? அவற்றுள் எத்தனை வைத்தியர் சீட்டோடு வாங்கியவை?
4. சென்னை ஆராய்ச்சியில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்த ஏழை நோயாளிகள் குணமானதற்குக் காரணம் என்ன? இது நம் சபையில் உள்ள காசநோயாளிக்கு நாம் காட்டும் மனப்பான்மையை எப்படி மாற்ற வேண்டும்?
5. தனியே வசிக்கும் முதியவர் யாராவது உங்கள் தெருவில் உண்டா? அவர் மாத்திரையை ஒழுங்காய் எடுக்க யார் நினைவூட்டுவது?

*வீட்டுப்பாடம்:* ஒரு தாளில் நான்கு பத்தி வரையுங்கள். மருந்தின் பெயர், அது செய்யும் வேலை, எடுக்கும் நேரம், எப்போது நிறுத்துவது என்று எழுதுங்கள். கடைசிப் பத்தியை நீங்களே நிரப்பாமல், அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது கேட்டு நிரப்புங்கள். அந்தத் தாளை மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவையுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து செய்து கொடுங்கள். ஒரு அட்டை மாத்திரையைவிட அது அவர்களுக்கு அதிகம் உதவும்.